‘சிட்சாட்’: ஒட்டி எழுதுவதா, நடுவில் கோடா? பெரியவர் பேச்சுக்கு இந்தச் சொல் பொருந்துமா?

மெய்ப்புக்காரி:

வணக்கம் நண்பர்களே. ஓர் ஆங்கில அழைப்பிதழ் மெய்ப்புப் பார்க்க வந்திருக்கிறது. ஓய்வு பெறப்போகிற மூத்த விஞ்ஞானி ஒருவர் இளம் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசுகிற நிகழ்ச்சி. அதற்கு, சும்மா பேசிக்கொண்டிருப்பதைக் குறிக்கும் ‘சிட்சாட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள். தலைப்பில் ஒட்டி ஒரே சொல்லாக அடித்திருக்கிறார்கள். உள்ளே வந்தால் நடுவில் இடைக்கோடு. கடைசி வரியில் இடம் விட்டு இரண்டு சொல். ஒரே தாளுக்குள் இத்தனை வேஷம்.

எது சரி என்பது முதல் கேள்வி. அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. அந்தப் பெரியவரின் பேச்சை இந்தச் சொல்லால் குறிக்கலாமா? படிக்கும்போதே எனக்கு இடிக்கிறது. ஆனால் ‘இடிக்கிறது’ என்று மட்டும் ஓரத்தில் எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள், காரணம் கேட்பார்கள்.

அகராதிப்பூச்சி:

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஒட்டித்தான் இருக்கிறது: சி-ஹெச்-ஐ-டி-சி-ஹெச்-ஏ-டி, நடுவில் ஒன்றும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளில் இடைக்கோடு உண்டு. அமெரிக்க நடை என்றால் ஒட்டுங்கள், பிரிட்டிஷ் நடை என்றால் கோடு போடுங்கள். எந்த நடை என்று தெரியாவிட்டால் அதே அழைப்பிதழில் ‘சென்டர்’ என்ற சொல் ‘ஈ-ஆர்’ என்று முடிகிறதா, ‘ஆர்-ஈ’ என்று முடிகிறதா பாருங்கள், தெரிந்துவிடும்.

இடம் விட்டுப் பிரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். பிரித்தால் ‘சிட்’ தனியாக நின்று வேறு பொருள் காட்டும்.

கடைசிபெஞ்சு:

பிரிச்சு எழுதினா முதல் பாதி பரீட்சை ஹாலுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோறது, ரெண்டாம் பாதி உள்ள போய்ப் பண்றது. ரெண்டுக்கும் ஒரே தண்டனைதான், வெளிய நிக்கணும்.

ஒற்றெழுத்து:

தம்பி விளையாட்டாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ‘சிட்’ என்றால் துண்டுச்சீட்டு. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் சேவகனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பித்தான் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொண்டார்கள். சீட்டில் எழுதுவது சிட், வாயால் பேசுவது சாட். இரண்டும் சேர்ந்து சிட்-சாட். ஆகவே இவை இரண்டு சொற்கள், இடைக்கோடு கட்டாயம். ஒட்டி எழுதுவது அமெரிக்கச் சோம்பேறித்தனம்.

அகராதிப்பூச்சி:

> சீட்டில் எழுதுவது சிட், வாயால் பேசுவது சாட்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் கதை. துண்டுச்சீட்டு என்ற பொருளுள்ள ‘சிட்’ இந்தியின் ‘சிட்டி’யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. யூல், பர்னெல் இருவரும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. அது ஒரு சிட். இன்னொரு சிட்டும் உண்டு, வாய்த்துடுக்கான சின்னப் பெண்ணை அலட்சியமாகச் சொல்வது. இடைக்கால ஆங்கிலத்தில் விலங்குக் குட்டியைக் குறித்து, பிறகு மனிதக் குட்டிக்கு வந்தது. நம் சிட்-சாட்டில் இருப்பது இந்த இரண்டும் இல்லை. அந்தச் சிட்டுக்குத் தனியாகப் பொருளே கிடையாது. ‘சாட்’டின் உயிரொலியை மாற்றி முன்னால் நிறுத்திய வெறும் ஓசை.

அந்தச் ‘சாட்’டும் முழுச்சொல் இல்லை. மூத்தது ‘சாட்டர்’. பறவைகள் விடாமல் கீச்சிடுவதைப் போலச் செய்த ஒலிக்குறிப்பு. மனிதர்கள் வளவளவென்று பேசுவதற்கு அது வந்து, பிறகு வால் நறுக்கப்பட்டு ‘சாட்’ ஆனது. குளிரில் பல் கிடுகிடுத்து அடித்துக்கொள்வதற்கும் இன்றுவரை அதே சாட்டர்தான்.

திருகாணி:

லேத்திலும் அதே சொல்தான். வெட்டும் கருவி அதிர்ந்து, கடைந்த பரப்பில் அலை அலையாகத் தடம் விழுந்தால் ‘சாட்டர்’ விழுந்திருக்கு என்போம். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வேகத்தைக் குறைத்தாலோ, கருவி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறைத்தாலோ பெரும்பாலும் நின்றுவிடும்.

கடைசிபெஞ்சு:

மனுஷனுக்கும் அதே வைத்தியம்தான் அண்ணே. வேகத்தைக் குறைச்சு, நாக்கு நீட்டிக்கிட்டிருக்கிற நீளத்தையும் குறைச்சா நின்னுடும்.

மொழியியல்_மாணவி:

அகராதிப்பூச்சி ‘உயிரொலியை மாற்றி முன்னால் நிறுத்தியது’ என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். இந்தச் சொல்லின் சுவாரசியமே அங்கேதான்.

ஆங்கிலத்தில் இந்த வகை இரட்டிப்புக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. இகரம் முன்னே, அகரமோ ஒகரமோ பின்னே. ஜிக்-ஜாக், பிங்-பாங், ஃபிளிப்-ஃபிளாப், கிரிஸ்-கிராஸ், ஹிப்-ஹாப், கடிகாரத்தின் டிக்-டாக். மூன்று அடுக்கினால் இ, அ, ஒ என்று போகும், டிக்-டாக்-டோ விளையாட்டைப் போல. யாரும் இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. ஆனாலும் ஆங்கிலம் பேசும் குழந்தை ‘சாட்-சிட்’ என்று சொல்லாது.

வெட்டிப்பேச்சைக் குறிக்க மட்டும் இந்த அச்சில் ஒரு கூட்டமே இருக்கிறது: டிட்டில்-டாட்டில், பிரிட்டில்-பிராட்டில், பிபிள்-பாபிள். கடைசியாகச் சொன்னது ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் வருகிறது. ‘ஐந்தாம் ஹென்றி’யிலும் உண்டு, ஆனால் அங்கே ஃபுளூயெலன் என்ற வேல்ஸ்காரப் படை அதிகாரி சொல்கிறார். அவருடைய உச்சரிப்பைக் காட்டுவதற்காக எழுத்தே மாறியிருக்கும். தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது: முதல் நாடகத்தில் ‘பஸ்’ஸின் ப, இவர் வாயில் ‘பழ’த்தின் ப. போருக்கு முந்தைய இரவில் சக அதிகாரியைச் சத்தம் போடாதே என்று அடக்குகிறார், ரோமானியத் தளபதி பாம்ப்பியின் பாசறையில் இந்த டிடில்-டாடில், பிபிள்-பாபிள் எல்லாம் கிடையாது என்கிறார்.

இகரத்துக்குச் சிறுமைச் சாயல் உண்டு என்பது ஒரு பழைய கருத்து. மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1929இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ‘மில்’, ‘மால்’ என்று பொருளில்லாத இரண்டு சொற்கள். இரண்டுமே மேசையைக் குறிக்கும், ஒன்று பெரிய மேசை, ஒன்று சின்ன மேசை, எது எது என்று கேட்டார். பெரும்பாலோர் ‘மால்’தான் பெரிய மேசை என்றார்கள். இகரம் சொல்லும்போது வாய் குறுகுகிறது, ஆகாரத்துக்கு அகலத் திறக்கிறது. அதுதான் காரணமா என்பதில் சண்டை ஓயவில்லை, ஆனால் போக்கு இருக்கிறது.

மெய்ப்புக்காரி கேட்ட இரண்டாம் கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. ‘சாட்’ என்றால் இயல்பான பேச்சு. முன்னால் ‘சிட்’ வந்ததும் அது சின்னப் பேச்சாகிறது. புதிய செய்தி எதையும் ‘சிட்’ சேர்க்கவில்லை, அளவை மட்டும் குறைக்கிறது.

கடைசிபெஞ்சு:

ஒரு சந்தேகம் தங்கச்சி. இகரம் சின்னதுன்னா, ஆங்கிலத்துல பெருசுக்கு ‘பிக்’குன்னு இகரம் போட்டிருக்கான், சின்னதுக்கு ‘ஸ்மால்’னு வாயைப் பொளந்திருக்கானே. சபீர் சார் இதைப் பாக்கலையா?

மொழியியல்_மாணவி:

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான் அண்ணா. போக்கு என்றுதான் சொன்னேன், விதி என்று சொல்லவில்லை. ‘பிக்’ ஒரு முரட்டு விதிவிலக்கு. ‘லிட்டில்’, ‘டைனி’க்குப் பக்கத்தில் குழந்தைகள் சொல்கிற ‘டீனி’, ‘பிட்’, ‘சிப்’ எல்லாம் மறுபக்கம் நிற்கின்றன. நம் பக்கம் பார்த்தால் சிறு, சின்ன, இம்மி, இத்தினியூண்டு. உடனே ‘குட்டி’ என்று ஆரம்பிக்காதீர்கள், தெரியும்.

ஒற்றெழுத்து:

சீட்டுக் கதையை விட்டுவிடுகிறேன், ஹாப்சன்-ஜாப்சன் ஆதாரம் போதும். ஆனால் இத்தனை நேரம் பேசியும் யாரும் நம் இலக்கணத்தைத் தொடவில்லையே. இது நம்முடைய இரட்டைக்கிளவிதான். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் எப்போதோ சொல்லிவிட்டார். சலசல, கலகல, முணுமுணு. வம்புப் பேச்சுக்கே நம்மிடம் ‘கிசுகிசு’ இருக்கிறது. பிரித்தால் பொருளில்லை. சிட்-சாட்டும் அப்படியே.

திருகாணி:

பிரியாது என்றால் நடுவில் கோடு எதற்கு ஐயா? காலையில்தான் கோடு கட்டாயம் என்றீர்கள்.

ஒற்றெழுத்து:

இடைக்கோடு பிரிப்பதற்காகப் போடுவதில்லை, இரண்டைச் சேர்த்துக் கட்டுவதற்காகப் போடுவது. கயிற்றை வேலி என்று நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

அகராதிப்பூச்சி:

அந்தக் கயிறு ஆங்கிலத்தில் அவிழ்ந்துகொண்டே வருகிறது ஐயா. ‘டுடே’, ‘டுமாரோ’ இரண்டுக்குமே ஒரு காலத்தில் நடுவில் கோடு இருந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூடப் பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 6ஆம் பதிப்பு 2007இல் வந்தபோது ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து இடைக்கோட்டை எடுத்துவிட்டார்கள். ‘பம்பிள்பீ’, ‘பிஜன்ஹோல்’ போன்றவை ஒட்டிக்கொண்டன. ‘ஃபிக் லீஃப்’ போன்றவை பிரிந்துபோயின. ‘ஈமெயில்’ சொல்லுக்கு நடுவில் இருந்த கோட்டை அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு 2011இல் நீக்கியது. மக்கள் ஒரு சொல்லை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டால் கோடு உதிர்ந்துவிடுகிறது. சிட்சாட்டும் அந்தப் பாதையில்தான் போகிறது, அமெரிக்காவில் சீக்கிரம் போய்ச்சேர்ந்துவிட்டது, அவ்வளவே. சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

மொழியியல்_மாணவி:

இரட்டைக்கிளவி விஷயத்தில் ஒற்றெழுத்து ஐயாவோடு நான் மோதியாக வேண்டும்.

இரட்டைக்கிளவியில் இரண்டு பாதியும் ஒன்றே. சல-சல. அதில் எந்தப் பாதியும் தனியே நிற்காது. சிட்-சாட்டில் பாதிகள் வேறுவேறு, அதிலும் இரண்டாம் பாதி தனியே நின்று நன்றாகவே பொருள் தருகிறது. ஆகவே தமிழில் இதற்கு நெருங்கிய உறவு எதிரொலிச் சொல். மழை கிழை, மாடு கீடு, பணம் கிணம். ஒரு பாதி மெய்யான சொல், இன்னொரு பாதி அதன் எதிரொலி. முதலெழுத்து குறிலானால் ‘கி’, நெடிலானால் ‘கீ’. ‘கதை கிதை பேசிட்டு இருக்காதே’ என்கிறோம், ‘பேச்சு கீச்சு’ என்கிறோம்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கேயும் இகரம், இங்கேயும் இகரம். ஆனால் ஆங்கிலத்தில் இகரப் பாதி முன்னால் வருகிறது, சிட்-சாட். தமிழில் பின்னால் வருகிறது, கதை-கிதை. சுட்டுச் சொற்களிலும் அதே கூத்து. ஆங்கிலத்தில் ‘திஸ் அண்ட் தட்’, பக்கத்தில் இருப்பது முதலில். நாம் அது இது, அங்கே இங்கே, அப்படி இப்படி என்று தூரத்திலிருந்து தொடங்குகிறோம். இரண்டு மொழியிலும் இகரம் அண்மைக்கு, அகரம் சேய்மைக்கு. வரிசை மட்டும் தலைகீழ்.

ஒற்றெழுத்து:

‘இங்கும் அங்கும் அலைந்தான்’ என்றும் எழுதுகிறார்களே. அது தமிழ் இல்லையா?

மொழியியல்_மாணவி:

தமிழ்தான். ஆனால் அப்படிச் சொல்லும்போது இரண்டு இடங்கள் தனித்தனியாகக் கண்ணில் தெரிகின்றன. உறைந்துபோன சேர்க்கையில் அகரம்தான் முந்துகிறது. சோதித்துப் பாருங்கள். ‘அதையும் இதையும் பேசிக்கொண்டிருந்தோம்’ என்றால் குறிப்பாக ஒன்றும் இல்லை என்று பொருள். ‘இதையும் அதையும் பேசினோம்’ என்றால் எதை, எதை என்று கேட்கத் தோன்றுகிறது.

மெய்ப்புக்காரி:

சிட்சாட்டுக்கு நான் பார்த்த நல்ல தமிழாக்கம் இதுதான்! ‘அதையும் இதையும் பேசுவது.’ அழைப்பிதழுக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. அதில் ‘அரட்டை’ என்று போட்டிருக்கிறார்கள். பெரியவர் பெயருக்குப் பக்கத்திலேயே.

கடைசிபெஞ்சு:

‘விஞ்ஞானியின் அரட்டை’. தலைப்பு என்னமோ ஜோராத்தான் இருக்கு. அவர் வராம போயிடப் போறார்.

கடற்காற்று:

எங்கட பக்கத்தில இந்தப் பிரச்சினையே வராது. ‘கதைக்கிறது’ எண்டால் பேசுறதுதான், அதில மரியாதைக் குறைவு ஒண்டும் இல்லை. ‘ஐயாவோட கதைப்பம் வாங்கோ’ எண்டு போட்டால் ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். அளவுக்கு மிஞ்சிக் கதைச்சால்தான் ‘சும்மா அலட்டாதை’ எண்டுவம்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கேட்டால், எங்கட ஆக்கள் ‘ற்’ போட்டு ‘சற்’ எண்டுதான் எழுதுவினம், ‘இன்ரநெற்’ மாதிரி. எங்கட வாயில ‘ற்ற’ சொல்லேக்க நாக்கு நிக்கிற இடம் ஆங்கில ‘டி’க்குக் கிட்ட. ‘ட்’ போட்டால் நாக்கு இன்னும் பின்னால மடியும்.

மெய்ப்புக்காரி:

எங்களுக்கு ‘அலட்டல்’ என்றால் பந்தா காட்டுவது. உங்கள் ‘அலட்டாதை’யை இங்கே ஒருவர் கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்.

ஒற்றெழுத்து:

‘சற்’ ஆனாலும் ‘சாட்’ ஆனாலும் வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழ் மரபில்லை. பழைய முறையில் ‘சாட்டு’ என்றுதான் முடிய வேண்டும். ஆனால் ‘சாட்டு’ என்றால் குற்றம் சாட்டுவது ஆகிவிடும். சரி, இதை இங்கேயே விடுகிறேன்.

இடைவரி:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் சிட்-சாட், கிசுகிசு, அரட்டை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுகிறீர்கள். கூடாது.

‘காசிப்’, அதாவது கிசுகிசு, நடக்க மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும், அவர் அங்கே இருக்கவும் கூடாது. அந்தச் சொல்லே ‘காட்சிப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோரைக் குறித்தது. பிறகு நெருங்கிய தோழமை, பிரசவ வீட்டில் கூடுகிற பெண்கள், கடைசியில் அப்படிக் கூடினால் நடக்கிற பேச்சு என்று வழுக்கிக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறது. ஆண்கள் கூடி வம்பு பேசியதே இல்லையோ என்னவோ, பழி மட்டும் பிரசவ அறைக்கு.

சிட்-சாட்டுக்கு மூன்றாம் ஆள் தேவையில்லை. பொருளும் தேவையில்லை. வெயில், மழை, பயணம் எப்படி இருந்தது, தூங்கினீர்களா. பதிலை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, வைத்துக்கொண்டால்தான் வினோதம். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் ஆக்டன், ரிச்சர்ட்ஸ் இருவரின் நூலுக்கு எழுதிய பின்னிணைப்பில் இப்படிப்பட்ட பேச்சுக்கு ‘ஃபாட்டிக் கம்யூனியன்’ என்று பெயர் வைத்தார். சேதி சொல்வதற்காகப் பேசுவதில்லை, சும்மா இருந்தால் ஒருவருக்கொருவர் அந்நியமாகிவிடுவோம் என்பதற்காகப் பேசுகிறோம் என்றார். மௌனமாக உட்கார்ந்திருக்கும் புது ஆள் நமக்கு ஒரு மிரட்டலாகத் தெரிகிறான், இரண்டு வார்த்தை பேசிவிட்டால் மனிதனாகிவிடுகிறான்.

ஆகவே சிட்-சாட் கெட்ட சொல் இல்லை. பயனுள்ள வேலை செய்கிற பேச்சுக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் அந்த வேலை உறவைத் தொடங்கிவைப்பது. அந்த விஞ்ஞானி வாழ்நாள் முழுக்கக் கற்றதைச் சொல்ல வருகிறார். அதைச் சிட்-சாட் என்றால், உங்கள் பேச்சில் விஷயம் இருக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பதாகும். இடிக்கிற இடம் அதுதான்.

மெய்ப்புக்காரி:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் பக்க வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். இளைஞர்கள் பயப்படாமல் வர வேண்டும், ‘லெக்சர்’ என்றால் ஓடிவிடுவார்கள், அதனால் வேண்டுமென்றே இலகுவான சொல் வைத்தோம் என்கிறார்கள்.

அகராதிப்பூச்சி:

இலகு வேண்டும் என்றால் வெறும் ‘சாட்’ போதுமே. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 முதல் 1944 வரை வானொலியில் நாட்டு மக்களிடம் பேசியதற்கு ‘ஃபயர்சைட் சாட்’ என்று பெயர். முதல் பேச்சு எதைப் பற்றி? வங்கிகள் மூடிக்கிடந்த நெருக்கடியைப் பற்றி. பிறகு உலகப்போர் வந்தது, அதைப் பற்றியும் பேசினார். வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தொனி, ஆனால் விஷயம் கனமானது. ‘சாட்’ என்ற சொல் அந்தக் கனத்தைத் தாங்கியது. அதையே ‘ஃபயர்சைட் சிட்-சாட்’ என்று சொல்லிப் பாருங்கள். வங்கியில் பணம் போட்டவன் மறுநாள் காலையிலேயே வரிசையில் நின்று எடுத்திருப்பான்.

மாணவி சொன்னது சரி. ஒரு ‘சிட்’டில் இவ்வளவு குறைகிறது.

கடைசிபெஞ்சு:

அப்போ பெரியவருக்குச் ‘சாட்’, எங்களை மாதிரி ஆளுங்களுக்குச் ‘சிட்’டு. சரிதான்.

இடைவரி:

ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு. தலைப்பில் ‘ஏ சிட்-சாட்’ என்று முன்னால் ‘ஏ’ போட்டிருந்தால் அதையும் பாருங்கள். பெரும்பாலும் இது எண்ணிக்கையில் அடங்காப் பெயராகவே புழங்குகிறது, நாம் ‘ஓர் அரட்டை, இரண்டு அரட்டை’ என்று எண்ணாதது போல. ‘எ பிட் ஆஃப் சிட்-சாட்’ என்றால் உறுத்தாது. ‘சாட்’டை மட்டும் தாராளமாக எண்ணலாம்.

நெறியாளர்:

லேத், தொல்காப்பியம், ரூஸ்வெல்ட் என்று இழை சுற்றிக்கொண்டிருந்தாலும் கேள்வியை விட்டுப் போகவில்லை என்பதால் பூட்டவில்லை. தொடருங்கள்.

மெய்ப்புக்காரி:

ஓரக்குறிப்பு எழுதி அனுப்பினேன். ரூஸ்வெல்ட் உதாரணம் எடுபட்டது. தலைப்பு ‘ஃபயர்சைட் சாட்’ ஆகிவிட்டது. தமிழ்ப் பக்கத்தில் ‘அரட்டை’யை எடுத்துவிட்டு ‘மனம்விட்டுப் பேசலாம்’ என்று போடச் சொன்னேன், மறுப்பில்லாமல் ஏற்றார்கள்.

ஆனால் சிட்-சாட்டை முழுக்க விட அவர்களுக்கு மனமில்லை. நிகழ்ச்சி நிரலில் இடைவேளைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அங்கே அது பொருத்தம்தான், நான் தொடவில்லை. பிரிட்டிஷ் நடை என்பதால் இடைக்கோடும் போட்டாயிற்று, ஒற்றெழுத்து ஐயா மகிழலாம். இப்போது அடுத்த சிக்கல். அந்த வரியில் வினையாக, ‘-இங்’ சேர்த்து அடித்திருக்கிறார்கள், ஒற்றை ‘டி’யோடு. இரண்டு ‘டி’ வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அழுத்தம் கடைசி அசையில் விழாதபோது இரட்டிக்காது என்று ஒரு விதி படித்த நினைவு. எது?

அகராதிப்பூச்சி:

இரண்டு ‘டி’. விதியை நீங்கள் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள். ‘விசிட்’ சொல்லில் அழுத்தம் முதல் அசையில், அதனால் ‘விசிட்டிங்’ ஒற்றை ‘டி’. ஆனால் இரண்டாம் பாதி தனி அசையாகத் தெளிவாக ஒலிக்கும் சொற்கள் இந்த விதிக்குப் பிடிகொடுக்காது. ‘ஃபார்மேட்’ இரட்டித்து ‘டி-டி’ ஆகிறது, ‘ஜிக்ஜாக்’ இரட்டித்து ‘ஜி-ஜி’ ஆகிறது. சிட்-சாட்டும் அப்படியே, அதன் வாலில் இருப்பது ‘சாட்’டே என்பதால் ‘சாட்டிங்’குக்கு உள்ள இரண்டு ‘டி’ இங்கேயும் வரும். ஒற்றை ‘டி’ போட்டால் படிப்பவர் ‘சேட்டிங்’ என்று ஏகாரம் சேர்த்து வாசிப்பார்.

கடைசிபெஞ்சு:

இன்னொரு ‘ஈ’ தப்பிப் போய் நுழைஞ்சா ‘சீட்டிங்’ ஆயிடும். இடைவேளையில சீட்டிங். பாத்துக்கோங்க அக்கா.

மெய்ப்புக்காரி:

அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்.